ஓரகத்தியின் இரண்டாவது தூரம்

என் ஓரகத்திக்கு மாதத்தில் இரண்டு தடவை வீட்டுக்குத் தூரம் வரும். எனக்கு ஒரு தடவை வருவதே அபூர்வம். அதற்குள் வயிற்றில் ஒன்று தங்கிவிடும். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததிலிருந்து ஒன்றைச் சுமந்துகொண்டிருப்பேன், இல்லையென்றால் ஒன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பேன். அவளோ மாதம் தவறாமல் இரண்டு முறை தொழுவத்தை ஒட்டிய அறையில் காலை நீட்டி உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொள்வாள். நான் மாவு ஆட்டிக்கொண்டே அந்த அறை வாசலைப் பார்ப்பேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போதுள்ள பெண்களுக்கு அது தண்டனையாகத் தெரியும். யுத்தத்துக்கு முந்தைய அந்த வருஷங்களில் எங்களுக்கு அது ஒன்றுதான் லீவு. அந்த மூன்று நாளும் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது, தண்ணீர் எடுக்கக் கூடாது, நெல் அவிக்கக் கூடாது, யாரையும் தொடக் கூடாது, புருஷன் படுக்கிற பக்கம் தலைகாட்டக் கூடாது. இத்தனை கூடாதும் சேர்ந்தால் என்ன ஆகிறது? ஒரு மனுஷி மூன்று நாள் சும்மா உட்காரலாம் என்று ஆகிறது. தட்டில் சோறு போட்டுத் தள்ளி வைப்பார்கள். சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம். அலங்காநல்லூர் போகிற ரோட்டில் இருந்த எங்கள் ஊரில் வேறெந்த வீட்டு மருமகளுக்கும் இந்தப் பாக்கியம் மாதத்துக்கு இரண்டு தடவை வாய்த்ததில்லை.

எங்கள் வீட்டில் பெரிய பெண்கள் மூன்று பேர். மாமியார், மூத்த மருமகளான நான், என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்த அவள். மாமனார் காலமாகியிருந்தார். என் வீட்டுக்காரர் வயலைப் பார்த்தார். கொழுந்தன் மதுரையில் நெல் மண்டி வைத்திருந்தான். சைக்கிளில் போய் வருவான். அவளும் டவுன்காரிதான். ஆரப்பாளையத்தில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். கை வைத்துத் தைத்த ரவிக்கை போடுவாள். வந்த புதிதில் அடுத்தடுத்து இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றாள். அப்புறம் ஒன்றுமில்லை. வருஷங்கள் ஓடின, அவள் இடுப்பு கல்யாணத்தன்று இருந்தபடியே இருந்தது. என் இடுப்பைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

பிள்ளை தங்கவில்லை என்று அவளை யாரும் கரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். “பாவம், உதிரம் நிக்காம போகுது. அவ என்ன செய்வா” என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிப் பரிதாபப்படுவார். உதிரம் நிற்க வேண்டி அம்மனுக்கு அவள் விரதம் வேறு இருந்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் ஆகுமுன் விரதம் தொடங்கும். விரதம் முடிகிறபோது தூரம் வந்துவிடும். தூரம் முடிந்த கையோடு மறுபடியும் விரதம். விரத நாளில் புருஷனுக்குத் தனிப் பாய். கொழுந்தன் சாமிக்குப் பயந்தவன், வாயைத் திறக்க மாட்டான். மதுரையிலிருந்து வரும்போது மல்லிகைப்பூ வாங்கிவந்து, அது வாடுகிறவரை கையில் வைத்துக்கொண்டு நிற்பான்.

உடம்பில் ரத்தம் ஊற வேண்டும் என்று மாமியார் அவளுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பார். வீட்டில் கறி எடுத்தால் ஈரல் அவளுக்கு. நாலு பிள்ளைகளைப் பெற்று, அதில் மூன்றை ஆண் பிள்ளைகளாகக் கொடுத்த எனக்கு எலும்பும் குழம்பும். நாலாவது வயிற்றில் இருந்தபோது ஒரு தடவை நான் கேட்டேவிட்டேன். “எனக்கும் ஒரு துண்டு வைங்க அத்தே.” மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உனக்கென்னத்தா, மாடு மாதிரி இருக்க” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

மாடு மாதிரி இருந்தவள்தான் அந்த நாலாவது பிரசவத்தில் சாகக் கிடந்தேன். பிள்ளை வந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். என்னை வைக்கோல் பரப்பிய வண்டியில் போட்டு மதுரைக்குக் கொண்டு போனார்கள். மிஷன் ஆஸ்பத்திரி பெரிய வார்டில் கண்ணைத் திறந்தபோது லேடி டாக்டர் கால்மாட்டில் நின்றார். என் ஓரகத்தி பக்கத்தில், என் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். டவுன் தெரிந்தவள் என்று அவளைத்தான் கூட அனுப்பியிருந்தார்கள்.

லேடி டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. “இத்தோட நிறுத்திக்கோ. இன்னொரு பிள்ளை வந்தா, இதே மாதிரி ரத்தம் போனா, என்னால உன்னைக் காப்பாத்த முடியாமப் போகலாம். உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு” என்றார்.

“என்னன்னு சொல்றதும்மா?” என்று நான் கேட்டேன். அதற்குள் அடுத்த கட்டிலில் ஒருத்தி அலறினாள். அவர் அங்கே போய்விட்டார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். “சரி, பாத்துக்கிருவோம்” என்றார். சில மாதங்கள் களத்திலேயே போய்ப் படுத்தார். அப்புறம் பனி வந்தது, வீட்டுக்குள் வந்தார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன. நானும் கதவைத் தாழிடவில்லை. எனக்கு மட்டும் ஆசை இல்லையா?

பிள்ளை பால்குடி மறக்கிற சமயத்தில் எனக்கு மறுபடி தூரம் வர ஆரம்பித்தது. அதுவும் அவளுக்கு வருகிற அதே நாட்களில். ஒரே வீட்டில் இருக்கிற பெண்களுக்கு அப்படி அமைந்துவிடும் என்பார்கள். அந்த மூன்று நாளும் நாங்கள் இருவரும் அந்த அறையில் ஆளுக்கொரு மூலையில் இருப்போம். மாமியார் சமைப்பார். மாதத்துக்கு ஒரு தடவைதானே என்று முனகாமல் செய்வார். நடு மாதத்தில் அவளுக்கு மட்டும் இரண்டாவது வரும்போது அடுப்படி என் தலையில் விழும்.

எனக்கு இப்போது உயிர்ப் பயம் வந்துவிட்டது. எந்த நாளில் தள்ளிப் படுத்தால் தப்பிக்கலாம் என்று யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது, எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். கல்யாணமான புதிதில் மாமியாரே சொல்லிக் கொடுத்திருந்தார். தலைக்கு ஊற்றின ஈரம் காய்வதற்குள் புருஷனிடம் போனால்தான் தங்கும். நாள் ஆக ஆகக் கர்ப்பப்பை காய்ந்து வாயை மூடிக்கொள்ளும். நடு மாதத்தில் ஒன்றும் பயமில்லை. நாங்கள் வயல்காரர்கள். ஈரத்தில் போட்ட விதை முளைக்கும், காய்ந்த கட்டியில் போட்டது முளைக்காது. இதில் சந்தேகப்பட எங்களுக்கு என்ன இருக்கிறது?

ஆகவே குளித்த பிறகு வருகிற ஒரு வாரம், பத்து நாள் எப்படியாவது அவரிடமிருந்து தப்பித்துவிட வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றேன். எனக்குத் தலைவலி என்றேன். எத்தனை தடவை சொல்வது? மாமியார் இரண்டு பேரும் சண்டையா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கைவசம் சாக்கே இல்லாமல் போனது.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தூரமான பெண்கள் கட்டிக்கொள்ள வண்ணாத்தி வெளுத்த சேலையும் துண்டுத் துணிகளும் கொண்டுவந்து கொடுப்பாள். மாத்து என்போம். மூன்று நாளும் முடிந்ததும் அதைச் சுருட்டி மூட்டையாகத் தொழுவத்து மூலையில் போட்டுவிட்டால், அவளே வந்து எடுத்துப் போவாள். வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். பார்க்கவும் மாட்டார்கள். ஓரகத்தி தன் இரண்டாவது தூரம் முடிந்து குளித்துவிட்டு வந்த அன்று ஓடை நிரம்பிப் போனதால் வண்ணாத்தியால் வர முடியவில்லை. தொழுவத்துக் கூரை மூட்டைக்கு நேராக ஒழுகி, அது நனைந்துகொண்டிருந்தது. மாட்டை ஓட்டுகிற கம்பை எடுத்து, மூட்டையை நெம்பி அந்தப் பக்கம் தள்ளினேன். முடிச்சு அவிழ்ந்து எல்லாம் கொட்டியது.

சேலை கசங்கியிருந்தது. துண்டுத் துணிகள், வண்ணாத்தி மடித்துக் கொடுத்த மடிப்பு கலையாமல் அப்படியே இருந்தன. ஒரு பொட்டுக் கறை இல்லை.

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஈரல். எத்தனை ஈரல், எத்தனை உளுந்தங்களி. போகாத ரத்தத்துக்கு ஊற வைத்த ரத்தம். வண்ணாத்திக்கு அவள் மட்டும் ஏன் தனியாக வெற்றிலையும் புகையிலையும் எடுத்துக் கொடுக்கிறாள் என்பதும் அப்போதுதான் விளங்கியது. கள்ளி, ஒரு வீட்டையே ஏமாற்றிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். மூட்டையைப் பழையபடி கட்டி வைத்துவிட்டு நேராக மாமியாரைத் தேடிப் போனேன்.

மாமியார் அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் வேறொன்று தோன்றியது. இவள் உட்காருவது வேலைக்குப் பயந்து மட்டும் இல்லை. முன்னால் விரதம், நடுவில் தூரம், பின்னால் விரதம். புருஷன் கிட்டே வர முடியாதபடி வேலி கட்டியிருக்கிறாள். இத்தனை வருஷம் இவளுக்குப் பிள்ளை தங்காததற்கு அந்த வேலிதான் காரணம்.

திறந்த வாயை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் உயிருக்கு வேண்டிய வித்தை இவள் மடியில் இருந்திருக்கிறது. லேடி டாக்டர் அன்றைக்குச் சொன்னபோது இவள் என் பக்கத்தில் நின்றாள். என் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொன்னாளா?

“என்னத்தா, ஒரு மாதிரியா இருக்க?” என்றார் மாமியார்.

“ஒண்ணுமில்ல அத்தே, கூரை ஒழுகுது” என்றேன். சொன்னால் அந்த அறை அவளுக்கு இல்லாமல் போய்விடும். ஆனால் எனக்கும் சேர்த்தே இல்லாமல் போய்விடும். எனக்கு அது இப்போது வேண்டியிருந்தது.

அவளிடம் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கிறவளா நான்? மூத்தவள் போய் இளையவளிடம் கையேந்துவதா? அவளை விட எனக்கு நன்றாகவே செய்யத் தெரியும் என்று நினைத்தேன். பொய்த் தூரம் உட்காருகிற வித்தை சரி. ஆனால் நாளைத் தப்பாக வைத்திருக்கிறாள், ஏதோ அதிர்ஷ்டத்தில் தப்பித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். ஈரம் காயாத நாட்களை விட்டுவிட்டுக் காய்ந்த நாளில் போய் யாராவது உட்காருவார்களா? அதுவுமில்லாமல் நடு மாதம் அவளுக்குச் சொந்தமாகிவிட்டது. நானும் அப்போது போய் உட்கார்ந்தால் சோறு பொங்க ஆளில்லை. மாமியாருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அடுத்த மாதம் எங்கள் இருவருக்கும் வந்தபோது, அவள் குளித்துவிட்டு எழுந்து போனாள். நான் எழவில்லை.

“இன்னும் நிக்கலை அத்தே” என்றேன்.

“உனக்கும் வந்துருச்சா இந்தச் சீக்கு” என்று மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஒரு வாரத்துக்கு மேல் அந்த அறையில் இருந்தேன். அவள் சமைத்து, அவள் தண்ணீர் எடுத்து, என் பிள்ளைகளுக்கும் அவளே தலை வாரினாள். அவள் வேர்த்து விறுவிறுத்து நடப்பதைப் படுத்தபடி பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது, அதை மறைப்பானேன். ஒரு நாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“அக்கா, இந்த நாள்ல நீங்க இங்கன உக்காந்து...” என்று இழுத்தாள்.

“ஏன், உனக்குக் கை வலிக்குதோ?” என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. மாமியார் கூப்பிடவும் போய்விட்டாள். வேலை செய்ய வலிக்கிறது, அதனால் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் குளித்து வீட்டுக்குள் வந்ததும் அவள் விரதம், தூரம் என்று தன் கணக்கைத் தொடங்கினாள். நான் காய்ந்த நாள் வந்துவிட்டது என்ற தைரியத்தில் புருஷனிடம் போனேன். டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவ்வளவு கவலையில்லாமல் நான் போனதே இல்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

தை பிறந்தபோது பால் பொங்கிய வாசத்துக்கே எனக்குக் குமட்டியது. மாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக, “அஞ்சாவது” என்றார். நான் வாசலில் கரும்பு கடித்துக்கொண்டிருந்த என் பிள்ளைகளைப் பார்த்தேன். கடைசியானவனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. நான் போய்விட்டால் என் முகம் அவனுக்கு ஞாபகம் இருக்காது.

அறுவடை சமயம். மாமியாரும் மற்றவர்களும் களத்துக்குப் போயிருந்தார்கள். பிள்ளைகளும் அங்கேதான் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் வழக்கம்போலத் தன் இரண்டாவது தூரத்தில் இருந்தாள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சொளகைக் கீழே போட்டுவிட்டு நேராக அந்த அறை வாசலைத் தாண்டி உள்ளே போனேன்.

அவள் பதறி எழுந்தாள். “அக்கா, அங்கனயே நில்லுங்க. தீட்டு.”

“எங்க இருக்கு தீட்டு? காட்டு பாப்பம்.”

நான் அவள் பாயிலேயே உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

“மழையில உன் மாத்து மூட்டை நனைஞ்சப்ப நாந்தான் தள்ளி வச்சேன்.”

“எப்ப?”

“ஐப்பசியில.”

“அப்ப இருந்தே தெரியுமா? அத்தைகிட்ட ஏன் சொல்லலை?”

“நீ ஏன் எனக்குச் சொல்லலை?”

அவள் என் வயிற்றைப் பார்த்தாள். இன்னும் வெளியே தெரிகிற நாள் ஆகவில்லை. ஆனாலும் அங்கேதான் பார்த்தாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். அழுகையோடே சொன்னாள்.

“எங்க அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல டீச்சர் ஒருத்தவுக இருக்காக. வேதக்காரவுக, சர்ச்சுக்குப் போறவுக. ரெண்டாவது பிள்ளை பொறந்ததும் அவுககிட்டப் போய் என்னால இனி முடியாதுன்னு அழுதேன். அவுகதான் சொல்லிக் குடுத்தாக. ஈரத்துல இல்லக்கா. நடுவுலதான் கரு உண்டாகுற நாளு. அடுத்த தூரத்துக்கு ரெண்டு வாரம் இருக்கையில பொம்பளைக்கு வயித்துக்குள்ள கருமுட்டை ஒண்ணு வெளிய வருமாம். அதுக்கு முன்னால அஞ்சாறு நாளு, பின்னால ஒண்ணு ரெண்டு நாளு, அப்பத்தான் தங்குமாம். மத்த நாள்ல பயம் கம்மி. அதுவும் மாசம் தவறாம ஒழுங்கா வாரவுகளுக்குத்தான். இதையே முழுசா நம்பிக் கெடக்காதன்னும் சொன்னாக.”

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். எந்த நாளுக்குப் பயந்து ஒளிந்தேனோ, அந்த நாளில் பெரும்பாலும் பயமே இல்லை. எந்த நாளில் தைரியமாகப் போனேனோ, அதுதான் என் உயிருக்கு வைத்த நாள். என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அதைவிட அவளை அறையலாம் போல இருந்தது.

“ஆஸ்பத்திரியில லேடி டாக்டர் சொன்னப்ப நீ என் பக்கத்துலதான நின்ன?”

“நின்னேன்.”

“அப்புறம்?”

“இந்த வீட்டுல ஒரு தொட்டில் ஆடிக்கிட்டே இருக்கணும்க்கா. உங்க தொட்டில் ஆடுற வரைக்கும் என்னை யாரும் கேக்க மாட்டாக. அது நின்னா என்கிட்டத்தான் வருவாக. எனக்கு ரெண்டும் பொட்டப் பிள்ளை. ஆம்பளைப் பிள்ளை வார வரைக்கும் பெறுன்னு சொல்ல மாட்டாகளா?” என்றாள். அப்புறம் என் முகத்தை நேராகப் பார்த்தாள். “உங்களைப் பாத்தா எனக்கு ஆத்தாமையா வரும். மூணு பயலுகளைப் பெத்துட்டு, வீட்டுச் சாவியை இடுப்புல செருகிக்கிட்டு நடக்கீக. உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். கார்த்திகையில நீங்க தப்பான நாள்ல உக்காந்திருக்கையில சொல்லிரணும்னு வந்தேன். கை வலிக்குதான்னு கேட்டீக. போனா போகட்டும்னு விட்டுட்டேன்.”

என்னைப் பார்த்து ஒருத்திக்குப் பொறாமை. இத்தனை வருஷமும் நான் ஒருத்திதான் வெந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். சாவு வயிற்றில் உட்கார்ந்திருக்கிற நேரத்திலும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சம் இனித்தது.

ஐந்தாவதை வீட்டில் பெற நான் சம்மதிக்கவில்லை. வலி வருமுன்பே அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துவிட்டேன். பெண் பிறந்தது. ரத்தம் போனது. அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை. பிழைத்தேன். லேடி டாக்டர் என்னைத் திட்டக்கூட இல்லை. டீச்சர் சொன்னது நிஜமா என்று அவரிடம் கேட்டேன். “நிஜந்தான். ஆனா அது எல்லாத் தடவையும் காப்பாத்தாது” என்றார். “இதையாவது உனக்கு அன்னைக்கே நான் நின்னு சொல்லியிருக்கணும்” என்றும் சொன்னார்.

பெண்ணுக்குப் பல் முளைத்து, மாவும் கஞ்சியும் தின்ன ஆரம்பித்த பிறகு எனக்குத் தூரம் திரும்ப வந்தது. குளித்து எழுந்த அன்று அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். “இனிமே நடு மாசம் உங்களுக்கு. நான் சமைக்கிறேன்க்கா.”

“உனக்கு வயித்துல வந்தா?”

“பாத்துக்கிருவோம்.”

வீட்டுக்காரரும் அன்றைக்கு இதே வார்த்தையைத்தான் சொன்னார். எனக்குச் சுர்ரென்று வந்தது. அவள் விட்டுக்கொடுத்து நான் உயிரோடிருப்பதா? ஊரெல்லாம் அவள் இடுப்பு, அவள் ரவிக்கை. இனி என் உயிரும் அவள் போட்ட பிச்சையா? பெரிய மனசு என்ற பேரையும் அவளே தட்டிக்கொண்டு போக நான் விடுவதாக இல்லை. அவள் இளைத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பதைப் பார்க்கவும் எனக்கு மனமில்லை. இரண்டும் நிஜம். எது அதிகம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நடு மாதம் வந்தது. இரண்டு பேருக்கும் விரதம் என்று சொல்லிவிட்டேன். அது முடிந்ததும் என் பாயைச் சுருட்டிக்கொண்டு, அவள் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போய்விட்டேன்.

“ரெண்டு பேரும் உக்காந்தா அத்தைக்குத் தெரிஞ்சுரும்க்கா.”

“தெரியட்டும்.”

முதல் மாதம் மாமியார் முனகிக்கொண்டே பொங்கினார். இரண்டாவது மாதம் சட்டிப் பானையெல்லாம் சத்தம் போட்டன. இரண்டு மருமகளுக்கும் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார். மூன்றாவது மாதம் சத்தமே இல்லை. மத்தியானம் இரண்டு தட்டில் சோறு கொண்டுவந்து வாசலில் வைத்தார். போகவில்லை. எங்களையும், மாத்து மூட்டை போடுகிற தொழுவத்து மூலையையும் பார்த்தார், விரதம், தூரம், விரதம் என்று விரல்விட்டு எண்ணினார்.

“ஆஸ்பத்திரியில எந்த நாள்ல தங்குதுன்னு சொன்னாக?” என்று கேட்டார்.

ஓரகத்தி தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் சொன்னேன். “நடுவுல அத்தே.”

“அப்ப ஈரத்துல இல்லையா?”

“இல்லை.”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அடிக்கப் போகிறார், அண்ணன் தம்பி இரண்டு பேரையும் கூப்பிட்டு நியாயம் கேட்கப் போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

“ஈரம் காயட்டும், காயட்டும்னு நானும் தள்ளித் தள்ளித்தான் படுத்தேன்” என்றார். “உங்க மாமாகிட்ட மிதி வாங்கிக்கிட்டுத் தள்ளிப் படுத்தேன். அப்படியும் வருசத்துக்கு ஒண்ணு. ஓடைக்கரையில எத்தனையப் பொதைச்சேன்னு எனக்கே மறந்து போச்சு.”

அவர் முதலில் அவளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். பொறாமை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பார்வையில் வேறெதுவும் இல்லை.

“எனக்கு ஒருத்தியும் சொல்லலையே” என்றார். அப்புறம் தட்டுகளைக் காலால் எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, “ஆறிப் போகும், தின்னுங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.